கண்டக்டர் இல்லாத பஸ்

பானுமதிக்கு ஒரு வீடியோ கேம்கூட ஆடத் தெரியாது. ஆனால் மும்பையில் ஆடப்படும் அத்தனை கேம்களைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. பத்தொன்பது வருடமாக அவள் பஸ் கண்டக்டர். டிராம்பேயில் புறப்பட்டு, தேவ்நார், செம்பூர் தாண்டி, சயான்வரை போய்த் திரும்புகிற வண்டி. உட்கார்ந்திருப்பவர்களின் தோளை ஒட்டி நின்றே வேலை நேரம் முழுக்கக் கழியும். டிக்கெட் கேட்டுக் குனியும்போதெல்லாம் அவர்கள் கையிலுள்ள போன் அவள் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். பார்க்காமல் இருக்க முடியாது.

மிட்டாய்களை மூன்று மூன்றாக வரிசை சேர்த்து உடைக்கிற கேம், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கானது என்பது அவள் கருத்து. மூளையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆடலாம். துப்பாக்கி கேம் ஆடுகிறவன் எப்போதும் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கண்டக்டரைத்தான் முறைப்பான். லூடோவுக்கு நல்ல மார்க் போடுவாள். ஒரே போனில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிப்பதை அவள் அதில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். காதுக்குள் வைக்கும் புளூடூத்துக்கு முட்டை. டிக்கெட் என்று மூன்று தடவை கத்த வைக்கிற சாமானுக்கு வேறென்ன போடுவது. ஸ்மார்ட் வாட்ச் மட்டும் அவளிடம் தப்பித்தது. செம்பூரில் ஒரு நாள், வெகு நேரம் உட்கார்ந்துவிட்டீர்கள், எழுந்திருங்கள் என்று வாட்ச் சொன்னதாக ஒரு ஆபீஸ்காரர் எழுந்து நின்றார். பக்கத்தில் நின்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அது நல்ல சாமான்.

இதையெல்லாம் அவள் சிக்னலில் வண்டி நிற்கும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னாலுள்ள கம்பியில் சாய்ந்துகொண்டு பூலோகத்திடம் சொல்லுவாள். பூலோகம் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருப்பவர், இருபத்தேழு வருட டிரைவர். எட்டு மாதமாக இருவருக்கும் ஒரே டியூட்டி. எதைச் சொன்னாலும் அவர் "ம்" என்பார். அவர் கையில் இருந்தது பேசுவதற்கு மட்டும் பயன்படுகிற பழைய போன். கேம், வாட்ச் எதிலும் அவருக்கு ஒரு நினைப்பும் இல்லை என்றுதான் பானுமதி எண்ணியிருந்தாள்.

ஜூலையில் ஒரு நாள் காலை, பானுமதி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பூலோகத்தின் மனைவி சொர்ணம்மாள் போன் செய்தாள். குரல் சரியில்லை. இரண்டு மாதமாக அவர் வீட்டுக்கு ஆறு மணிக்குத்தான் வருகிறாராம். கேட்டால் ஓவர்டைம் என்கிறாராம். வந்ததும் ஒரு மாதிரி சந்தோஷமாக இருக்கிறாராம். அந்தச் சந்தோஷம்தான் சொர்ணம்மாளைக் கலக்கியது.

"வாயில வாடை ஒண்ணும் இல்ல, பானு. மோந்து பாத்துட்டேன். அப்ப வேற என்னமோ இருக்கு. அவுக எங்க போறாகன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

பானுமதிக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. மூன்று மணிக்கு டியூட்டி முடிந்துவிடும், ஓவர்டைம் என்று எதுவும் கிடையாது என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரே வண்டியில் வேலை செய்கிறவரின் பின்னாலேயே போய் வேவு பார்ப்பதா? மதினி என்று அவள் கூப்பிடும் சொர்ணம்மாள் அழுதுவிடுவாள் போலிருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு டிபோவில் கணக்கை ஒப்படைத்துவிட்டு, தேவ்நாரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல், பூலோகம் ஏறிய பஸ்ஸின் பின் வாசலில் ஏறினாள். தலையில் சேலை முந்தானை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சயானில் இறங்கி, தாராவிக்குள் நடந்து, தோல் பைக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்துக்குள் திரும்பினார். நடையில் ஓர் அவசரம், ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல. ஒரு பட்டறையின் பக்கவாட்டில் செங்குத்தாக நின்ற இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறி மாடிக்குள் மறைந்தார்.

பானுமதி கீழே நின்று யோசித்தாள். மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு அது என்ன சத்தம் என்று உடனே தெரிந்தது. பஸ் என்ஜின். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் சத்தம். முதல் மாடியில் பஸ் எப்படி ஓடும்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

மேலே ஒரு நீளமான அறை. வரிசையாகத் திரைகள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள், கால்பந்து கேமில் மூழ்கியிருந்த கல்லூரிப் பையன்கள். வாசலருகே மேஜை போட்டு இடத்தின் சொந்தக்காரன் ஷாகிரும் அவன் மனைவி சஃப்ரீனும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவி. அறையின் கோடியில், பெரிய திரைக்கு முன்னால், நிஜ ஸ்டீயரிங் பொருத்திய நாற்காலியில், காக்கிப் பேண்டோடு பூலோகம். திரையில் பனி பெய்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு தெரு, ஓட்டுக் கூரை வீடுகள், நடுவில் அவருடைய நீல நிற பஸ்.

எட்டு மணி நேரம் பஸ் ஓட்டிய மனிதர், டியூட்டி முடிந்ததும் வந்து உட்கார்ந்து மறுபடியும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பானுமதிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இரண்டும் முட்டிக்கொண்டதில் இருமல் வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். திரையில் பஸ் ஒரு விளக்குக் கம்பத்தில் போய் மோதி நின்றது.

"ஏம்மா பானு, நீ எங்க இங்க?" என்றார். முகம் செம்பருத்தியாகச் சிவந்துவிட்டது.

மதினி அனுப்பினாள் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் ஸ்டீயரிங்கை விடாமல் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் சொல்லவில்லையாம். ஷாகிரின் வாப்பாவைப் பார்க்க ஒரு நாள் வந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டதாம்.

"இவ்வளவு நேரம் ஓட்டிட்டு வந்து இங்கயும் ஓட்டணுமா அண்ணாச்சி?"

அவர் கியரைத் தொட்டுக் காட்டினார். "இருபத்தேழு வருசத்துல நம்ம ரூட்டுல எத்தனை தடவை டாப் கியர் போட்டிருக்கேன்னு நினைக்க? ரெண்டாவதுல போவோம், மூணாவது போட்டா முன்னால ஆட்டோ வந்துரும். இங்க பாரு."

பஸ்ஸைக் கம்பத்திலிருந்து பின்னுக்கு எடுத்து, ஊரைத் தாண்டி, ஓர் ஏரிக்கரைச் சாலையில் விட்டார். மூன்றாவது, நான்காவது, டாப். என்ஜின் சத்தம் தணிந்து ஒரே சீராக மாறியது. இரண்டு பக்கமும் மரங்கள் பறந்தன. குறுக்கே ஒரு நாய்கூட இல்லை. பூலோகத்தின் தோள்கள் இறங்கி, முகம் பத்து வயது குறைந்ததைப் பானுமதி பக்கவாட்டில் பார்த்தாள். கேட்க வந்தது எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

ஆனால் அவள் கண்டக்டர். இரண்டு நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் திரையில் ஒரு கோட்டுக்காரர் ஒரு காலை உள்ளே வைத்திருக்கும்போதே பூலோகம் கதவை மூடிவிட்டார். மூலையில் சிவப்பாக ஏதோ எழுத்து மின்னியது. பயணிகள் அதிருப்தி என்று பானுமதி ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னாள். அடுத்து ஏறிய ஒரு பெண்மணி பணத்தை நீட்டினாள். திரையில் நாணயத் தட்டு ஒன்று வந்தது. பூலோகம் தடுமாறிப் போய்த் தப்பு நாணயத்தை அமுக்கினார். மறுபடியும் சிவப்பு. இரண்டு மாதமாக ஆடியும் அவருக்கு ஐந்தில் ஒரு ஸ்டாருக்கு மேல் கிடைத்ததே இல்லை என்று ஷாகிர் பின்னாலிருந்து சொன்னான்.

"கண்டக்டர் எங்க?" என்று கேட்டாள் பானுமதி.

இந்த கேமில் கண்டக்டரே கிடையாது, டிரைவர்தான் டிக்கெட்டும் கொடுக்க வேண்டும் என்றான் ஷாகிர்.

பானுமதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பூலோகத்தின் இடப்பக்கம் உட்கார்ந்து, கதவுக்கு எந்தப் பட்டன், சில்லறைக்கு எந்தப் பட்டன் என்று கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். நாணயத்தட்டு திரையில் முழுதாக விரிவதற்குள் அவள் விரல் சரியான மூன்று நாணயங்களை எடுத்துத் தள்ளியிருந்தது. அயல்நாட்டு நாணயம் என்றால் என்ன, பத்தொன்பது வருடப் பழக்கம். குழந்தைத் தள்ளுவண்டியோடு ஏறிய ஒரு தாய் உட்காரும்வரை கதவை விடவில்லை. எல்லாரும் ஏறியதும் நாற்காலிக் கைப்பிடியில் விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினாள். டக், டக். பூலோகம் வண்டியை எடுத்தார். யாராவது இறங்க வேண்டுமென்றால் ஒரு தட்டு; நிறுத்தினார். இருவருக்கும் வாய்ப்பேச்சே தேவைப்படவில்லை. கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். கடைசி நிறுத்தத்தில் திரை முழுக்க மத்தாப்பு பூத்தது. ஐந்து ஸ்டார். பையன்கள் கை தட்டினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு வண்டியிலிருந்து இறங்கிய பூலோகத்தின் கையை எல்லாரும் பிடித்துக் குலுக்கினார்கள்.

வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே பானுமதி சொர்ணம்மாளுக்கு விஷயத்தைச் சொன்னாள். போனின் மறுமுனையிலிருந்து "பஸ்ஸா?" என்று ஒரு கேள்வி. "திரும்பவும் பஸ்ஸா?" என்று இன்னொரு கேள்வி. நம்பவில்லை என்று தெரிந்தது.

மறுநாள் நாலு மணிக்கு, பானுமதியும் பூலோகமும் ஆடிக்கொண்டிருந்தபோது, சொர்ணம்மாளே நேரில் வந்து நின்றாள். இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறி, இடுப்பில் கையை வைத்துத் திரையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாரும் அவள் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். அவளோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்: "கலியாணமாகி இருபத்தஞ்சு வருசம். அவுக ஓட்டுற வண்டியில நான் ஒரு நாளும் ஏறுனது இல்ல. என்னையும் ஏத்திக்கிடச் சொல்லு, பானு."

பானுமதி கதவைத் திறந்தாள். சிவப்புக் கோட்டும் குல்லாவும் போட்ட ஒரு பெண் ஏறினாள். அதுதான் மதினி என்று எல்லாருமாக முடிவு செய்தார்கள். பூலோகம் அன்று வேகத்தடைகளின் மேல் வண்டியைப் பூப்போல ஏற்றி இறக்கினார். ஏரிக்கரை வந்தபோது டாப் கியர் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். சொர்ணம்மாள் திரையைப் பார்த்துக்கொண்டு, குளிருகிறது என்று முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். மின்விசிறி அவள் தலைக்கு நேர்மேலே ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் அது வழக்கமாகிவிட்டது. சஃப்ரீன்தான் ஒரு நாள், இந்த கேமைப் பற்றிப் பானுமதி அக்கா என்ன நினைக்கிறாள் என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், பானுமதி கால் மணி நேரம் பேசினாள். இதையெல்லாம் கேம் செய்தவர்களுக்கே எழுதலாமே, கேமை விற்கிற இணையப் பக்கத்திலேயே கருத்துச் சொல்ல இடம் இருக்கிறதே என்றாள் சஃப்ரீன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. போனில் வாயால் சொல்லிப் பார்த்தார்கள். கண்டக்டர் என்பதை அது கத்தரிக்காய் என்று எழுதியது. தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்த பானுமதி, கொடு இப்படி என்று போனை வாங்கி ஒற்றை விரலால் தட்டினாள்.

"அங்க யாருக்குக்கா தமிழ் தெரியும்?" என்றாள் சஃப்ரீன்.

"தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கிடட்டும்."

அவள் எழுதியது இதுதான்: "ரோடு நல்லா இருக்கு. பனி நல்லா இருக்கு. வைப்பர் சத்தம் அப்படியே இருக்கு. ஆனால் டிரைவரே டிக்கெட் கொடுக்கணும் என்று வைத்திருக்கிறீர்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கிறவர் மூன்றாவது கையால் சில்லறை எண்ணுவாரா? அவர் ரோட்டைப் பார்க்கணும். ஏறுகிறவர்களை, இறங்குகிறவர்களைப் பார்க்க இன்னொரு ஆள் வேணும். ஒரு மணி அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் போகணும். கண்டக்டர் இல்லாமல் பஸ் கேம் செய்யாதீர்கள். மூன்று ஸ்டார். பானுமதி, பஸ் கண்டக்டர், மும்பை."

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. செப்டம்பரில் ஒரு மத்தியானம், வண்டி செம்பூர் நாக்கா நாற்சந்தியின் நெரிசலில் நின்றபோது சஃப்ரீனிடமிருந்து போன் வந்தது. பதில் வந்திருக்கிறதாம். மொத்தம் ஐந்து பேர் சேர்ந்து நடத்துகிற சின்னக் கம்பெனியாம், திரையில் இருப்பது அவர்கள் ஊர்தானாம். கம்ப்யூட்டர் மொழிபெயர்த்த தமிழில், "மதிப்பிற்குரிய நடத்துனர் அம்மையார் அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் நாட்டில் கண்டக்டர்கள் இல்லாமல் போய் வெகு காலமாகிறதாம். சின்ன வயதில் பார்த்ததாக அம்மா சொல்லி மட்டும் கேள்வியாம். கேமில் ஒரு கண்டக்டரைச் சேர்க்க ஆசைப்படுகிறார்களாம். அந்த மணிச் சத்தத்தையும், பானுமதியின் குரலில் கண்டக்டர் சொல்லும் நான்கைந்து வார்த்தைகளையும் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

பானுமதி போனை வைத்துவிட்டுக் கம்பியில் சாய்ந்து பூலோகத்திடம் சொன்னாள். அவர் "ம்" என்று சொல்லவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் தட்டினார். அதில் ஹார்ன் அமுங்கி, முன்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்து சண்டை பிடித்தார்.

டிராம்பே கடைசி நிறுத்தத்தில் வண்டி பத்து நிமிடம் காலியாக நிற்கும். சஃப்ரீன் ஒரு புதன்கிழமை அதற்கென்றே டிக்கெட் வாங்கி வந்தாள். காற்றுச் சத்தம் விழாதபடி போனைத் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். மணிக்கயிறு உள்ள வண்டிகள் குறைந்துவிட்டன. இந்த வண்டியில் இருந்தது. பானுமதி ஒரு தடவை இழுத்தாள், பிறகு இரண்டு தடவை இழுத்தாள். அடுத்து, நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை தேய்ந்த மராட்டிச் சொல்: "புடே சலா." அதையே தமிழில், "முன்னால போங்க, முன்னால போங்க." மூன்று தடவை பதிவு செய்தார்கள். முதலாவதில் பூலோகம் தும்மினார். இரண்டாவதில் சஃப்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கத்தியது. அதற்குள் வண்டி நேரம் பார்க்கிறவர் விசில் ஊதிவிட்டார், கிளம்ப வேண்டியதாயிற்று. காக்கையோடேயே அனுப்பினார்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது கேம் வந்து இறங்கியது. ஷாகிரின் மாடி நிறைந்துவிட்டது. கீழே பட்டறையில் வேலை செய்கிறவர்கள்கூடப் பசை காய்ந்த கையோடு ஏறி வந்து நின்றார்கள். சொர்ணம்மாள் எல்லாருக்கும் சுண்டல் கொண்டுவந்திருந்தாள். பூலோகம் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார்.

திரையில் பஸ்ஸுக்குள் ஒரு பெண் நின்றாள். தோளில் குறுக்காகத் தோல் பை, தலைமுடி கொண்டை. முகம் பானுமதியைப் போல இல்லை, ஆனால் நிற்கிற நிலை அவளுடையது என்று ஷாகிர் சாதித்தான். முதல் நிறுத்தத்தில் ஜனங்கள் ஏறினார்கள். மணி ஒரே ஒரு தடவை அடித்தது. பூலோகத்தின் கால் தானாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. வண்டி நகரவில்லை. மணி மறுபடியும் ஒரு தடவை அடித்தது. அவர் இன்னும் அழுத்தி மிதித்தார். பனி ஊரில் பஸ்ஸுக்குப் பின்னால் ஹார்ன் சத்தம் எழும்பியது.

மொழிபெயர்ப்பில் எங்கோ தலைகீழாகிவிட்டது. ஒன்று அடித்தால் போக வேண்டும், இரண்டு அடித்தால் நிற்க வேண்டும் என்று செய்து வைத்திருந்தார்கள். அறையே சிரிப்பில் குலுங்கியது. இந்தத் தப்பை இப்பவே எழுதணும், போனைக் கொடு என்று பானுமதி எழுந்தாள். முதலில் ஒரு நடை முடியட்டும் என்று சஃப்ரீன் அவளை உட்கார வைத்தாள். "ஒண்ணுன்னா போகணும், ஒண்ணுன்னா போகணும்" என்று பூலோகம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அடுத்த நிறுத்தத்தில் நல்ல கூட்டம். கோட்டும் குல்லாவுமாக இருபது பேர் வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பானுமதியின் குரல் வந்தது.

"புடே சலா. முன்னால போங்க, முன்னால போங்க."

குரலுக்குப் பின்னால் டிராம்பே காக்கை ஒரு தடவை கத்தியது. திரையில் அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், வரிசையாக உள்ளே நகர்ந்து போய் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். வாசல் காலியாகிவிட்டது.

பானுமதி சுண்டலை வாயில் போடப்போன கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, பாத்தீங்களா?" என்றாள். "ஒரே ஒரு வாட்டிதான் சொன்னேன். எல்லாரும் போயிட்டாங்க."

பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அது நடந்ததில்லை. நாலு தடவை கத்தி, டிக்கெட் மெஷினால் கம்பியைத் தட்டி, இரண்டு பேரை முதுகில் தொட்டுத் தள்ளினால்தான் ஒரு ஆள் அரை அடி நகருவான். அவள் கண் ஓரம் பளபளத்தது, முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றாள். பூலோகம் அடுத்த நிறுத்தத்துக்கு வண்டியை விரட்டினார். அங்கேயும் குரல் வந்தது, அங்கேயும் நகர்ந்தார்கள். சொர்ணம்மாள் அடுத்த நிறுத்தத்தில் தானே அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள், திரையில் இருந்தவர்கள் மதிக்கவில்லை. அதற்கும் ஒரு சிரிப்பு.

காசு கட்டிய நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல ஷாகிர் வாயெடுத்தான். சஃப்ரீன் அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். பனி விடாமல் பெய்தது. ஏரிக்கரைச் சாலை நீளமாகக் கிடந்தது. பூலோகம் டாப் கியருக்குப் போனார். பின்னால் நின்றிருந்த பட்டறைக்காரர்கள் நகர்ந்து, ஏணியில் காத்திருந்தவர்களுக்கும் இடம் விட்டார்கள்.